ஒன்றேகால் ரூபாய்க் கண்ணாடி

புளியங்கூடல் ஆழ்வாப்பிள்ளைக்குப் பொறாமை. பங்காளி மேலல்ல, பக்கத்து வளவுக்காரன் மேலுமல்ல. தாலி கட்டிய பெண்சாதி பார்வதிப்பிள்ளை மேல். கேட்டால் சிரிப்பீர்கள். சிரியுங்கள்! ஆனால் மனிதருக்கு வயிறு பற்றி எரிந்தது உண்மை.

எல்லாம் மகனால் வந்தது. கோலாலம்பூரில் றெயில்வேக் கிளாக்கராக இருந்த பரமலிங்கம் மாதத்துக்கு ஒரு கடிதம் போடுவான். 'அன்புள்ள அம்மாவுக்கு' என்றுதான் தொடக்கம். அம்மா, உங்கள் ஒடியற்கூழை நினைத்தால் வாயூறுகிறது. அம்மா, இருமல் மாறிவிட்டதா. அம்மா, அம்மா, அம்மா! அடியில் இடம் மிஞ்சினால் மட்டும், 'ஐயாவைச் சுகம் கேட்டதாகச் சொல்லவும்.' பள்ளிக்கூடச் சம்பளம் கட்டியவர் யார்? சோதனையில் தவறியபோது பூவரசங்கம்பு முறிய அடித்துப் படிப்பித்தவர் யார்? அதெல்லாம் கடலோடு போயிற்று.

நல்லவேளை, கடிதத்தை வாசித்துச் சொல்பவர் அவர்தான். பார்வதிப்பிள்ளையும் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். ஆனால் நாற்பதைத் தாண்டியதும் தூரத்துப் பனை தெரிந்தது, கையிலுள்ள எழுத்துத் தெரியவில்லை. ஆழ்வாப்பிள்ளையிடம் தங்க விளிம்புக் கண்ணாடி இருந்தது. நொத்தாரிசுக்குக் காணி உறுதி எழுதிக் கொடுத்த காலத்தில் யாழ்ப்பாணம் போய், ஒரு கறவைப் பசுவின் விலை கொடுத்து வாங்கியது. புளியங்கூடல் இருந்த அந்தத் தீவில் அப்போது கண்ணாடி போட்டவர்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம்.

"ஒருக்காத் தாருங்கோவன், போட்டுப் பாப்பம்," என்று அவள் கையை நீட்டினாள் ஒருநாள்.

"உமக்கென்ன விசரோ? ஒருத்தற்றை கண்ணாடியை மற்றவை போட்டால் கண் அவிஞ்சு போம்."

"அப்ப எனக்கும் ஒண்டு..."

"மாடு வித்துத்தான் வாங்கவேணும். எந்த மாட்டை விப்பம், சொல்லும்?"

அவள் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

பிறகென்ன! வாசிக்கும்போது ஆழ்வாப்பிள்ளை ஒடியற்கூழை விழுங்கினார், இருமலை விழுங்கினார், அந்த இடத்தில் தன் சரக்கைப் புகுத்தினார். 'ஐயா அன்று அடித்த அடிதான் இன்று எனக்குச் சோறு போடுகிறது. அவரை நினையாமல் நான் ஒருநாளும் படுப்பதில்லை.' இந்த வசனம் அவருக்கே நன்றாகப் பிடித்துப்போனது. மூன்று கடிதத்துக்கு ஒருமுறை வந்துவிடும். கேட்டதும் பார்வதிப்பிள்ளை கண்ணைத் துடைப்பாள். அன்று மத்தியானம் பாரைமீனின் நடுத்துண்டு அவருடைய சோற்றுக்கு வரும். கடிதம் அவளுடைய றங்குப்பெட்டிக்குள், கூறைச்சேலைக்கு அடியில் போய்ப் பூட்டுப்படும்.

இந்தக் கூத்து எட்டு வருடம் நடந்தது. 1937ஆம் ஆண்டு, பக்கத்து வளவு இராசமணி மூக்கில் ஒரு கறுப்பு விளிம்புக் கண்ணாடியோடு படலையைத் திறந்துகொண்டு வந்தாள்.

"அக்கா, ஊர்காவற்றுறைக் கடையிலை யப்பான் கண்ணாடி வந்திருக்கு. ஒண்டேகால் ரூபாய்! தட்டிலை குவிச்சு வைச்சிருக்கிறான். ஒவ்வொண்டாப் போட்டுப் பாத்து, எழுத்துத் தெரியிறதை எடுக்கவேண்டியதுதான்."

ஆழ்வாப்பிள்ளை குறுக்கே புகுந்தார். "ஒண்டேகால் ரூபாய்க்குக் கண்ணாடியோ? அது உடைஞ்ச போத்தில் ஓடு! கண் குருடாப் போம்!"

"எனக்கு ஊசித்துளை தெரியுது, அண்ணை," என்றாள் இராசமணி.

இனி எந்த மாட்டை விற்பது என்று கேட்பார் மனிதர்? பொழுதுபடுவதற்குள் புதுக்கதை ஒன்றோடு வந்தார். "அந்தப் பழைய கடிதங்களிலை கறையான் பத்தப்போகுது. தாரும், எரிச்சுவிடுவம்."

"பிள்ளையின்ரை எழுத்தை எரிக்கிறதோ!" பார்வதிப்பிள்ளை இடுப்பில் செருகியிருந்த பெட்டிப் பூட்டின் திறப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் இராசமணியோடு வண்டியில் போனவள் மத்தியானம் கண்ணாடியோடு வந்தாள். றங்குப்பெட்டியைத் திறந்து, கடிதங்களை அள்ளிக்கொண்டு வேப்பமரத்துக்குக் கீழே போய் இருந்தாள். ஆழ்வாப்பிள்ளை மாட்டுக்கொட்டிலுக்குள் நின்று, கட்டியிருந்த கன்றையே திரும்பத் திரும்பக் கட்டினார். அவள் உதடு அசைந்தது. ஒரு கடிதத்தில் வெகுநேரம் நின்றது. அது எந்தக் கடிதம் என்று அவருக்குத் தெரியும். 'அம்மா, ஐயாவோடு யாழ்ப்பாணம் போய்க் கண்ணாடி வாங்கிப் போடுங்கள், செலவு என்னுடையது.' அந்த இடத்தில் அவர் கோலாலம்பூரில் நல்ல மழை என்று வாசித்திருந்தார்.

அவள் வாய்விட்டுத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். நேரத்துக்குச் சோறு வந்தது, தேத்தண்ணி வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. பத்து நாள் அப்படிப் போனது.

பதினோராம் நாள் தபாற்காரன் வந்தான். ஆழ்வாப்பிள்ளை பழக்கதோஷத்தில் தங்க விளிம்பை மாட்டிக்கொண்டு கையை நீட்டினார். கடிதம் பார்வதிப்பிள்ளையின் கைக்குப் போயிற்று. அவர் வழக்கமாக இருக்கும் கதிரையில் அவள் இருந்தாள்.

"நான் வாசிக்கிறன், கேளுங்கோ."

அம்மா, அம்மா என்று அவள் வாசிக்க வாசிக்க ஆழ்வாப்பிள்ளைக்கு நெஞ்சுக்குள் அதே பழைய எரிச்சல். இத்தனை நடந்தும் வெட்கமில்லாமல் எரிந்தது. 'என் அருமை அம்மா'வாம்! அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவள் கடிதத்தை மடியில் கவிழ்த்து வைத்தாள். கண்ணாடிக்கு மேலால் அவருடைய முகத்தை நேரே பார்த்தாள். பார்த்தபடியே, வாசிக்கிற குரல் மாறாமல் சொன்னாள்:

"'ஐயா அன்று அடித்த அடிதான் இன்று எனக்குச் சோறு போடுகிறது. அவரை நினையாமல் நான் ஒருநாளும் படுப்பதில்லை.'"

ஒரு சொல் பிசகவில்லை.

"இன்னொருக்கா வாசிக்கட்டோ?" என்று கேட்டாள் பார்வதிப்பிள்ளை.

ஆழ்வாப்பிள்ளை தங்க விளிம்புக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஓம், வாசியும்," என்றார்.