எடுத்துப் போட்ட நுரை

ரசூல் பீவிக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடலை மிட்டாய்க்குப் பாகு பின்வாசல் அடுப்பில் கொதிக்கிறது, உதவிக்கு வரும் பத்திரகாளி வறுத்த கடலையை முறத்தில் தேய்த்துத் தொலி ஊதிக்கொண்டிருக்கிறாள். பீவியின் கண் மட்டும் முன்னறைக்கே ஓடுகிறது. அங்கே அவள் புருஷன் ஷம்சுல் ஆலம் ஒரு கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் குத்தவைத்திருக்கிறார். கல்யாணமான மூன்றாம் மாதம் பினாங்குக்குக் கப்பலேறிய மனுஷன், ஏழு வருஷம் கழித்துக் கோவில்பட்டிக்கு வந்து பெண்டாட்டியை விட்டுவிட்டு மீனைப் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்?

வந்தபோது ஒரு தகரப் பெட்டியும் இரண்டு ஹார்லிக்ஸ் பாட்டிலும் கொண்டுவந்தார். பாட்டிலுக்கு ஒன்றாக இரண்டு சண்டைமீன்கள். ஆண் நல்ல மிளகாய்ப்பழச் சிவப்பு, பெண் வெளிறிப்போய்ச் சிறுசாக இருந்தது. பஜாரில் கண்ணாடி வெட்டி வாங்கித் தொட்டி ஒட்டினார். அரிக்கேன் விளக்கின் சிம்னியைக் கழற்றி அதற்குள் நிறுத்தினார். சிம்னிக்குள் பெண், வெளியே ஆண். விளக்கு மொட்டையாக மூலையில் கிடந்தது.

“எடுத்த எடுப்புல ஒண்ணா விட்டோம்னா ஆணு பெண்ணைக் கொதறிப் போடும்” என்று பத்திரகாளிக்கு விளக்கம் சொன்னார். “மொதல்ல ஒண்ணை ஒண்ணு பாத்துப் பழகணும். ஆணு கூடு கட்டணும். அதுக்கப்புறந்தான் சிம்னியத் தூக்கணும்.”

“நல்ல கூத்து அண்ணாச்சி! எனக்குத் தாலி கட்டுத வரைக்கும் மாப்பிள்ளை மூஞ்சிய ஒருத்தரும் காட்டலை. மீனுக்குப் பொண்ணு பாக்கியளாக்கும்!”

“இன்னும் கேளு. பெண்ணு முட்டை போட்டா, ஆணுதான் வாயில பொறுக்கிக் கொண்டுபோய்க் கூட்டுல வைக்கும். காவலும் அதுதான்.”

“அப்படி ஒரு ஆம்பளைய எங்க ஊரு எப்போதும்வென்றான்ல பாத்ததே இல்லை” என்றாள் பத்திரகாளி.

அவர் சிரித்தார். சிரித்த வாயோடு, “இது இங்கன குடும்பம் பண்ணிச்சின்னா நானும் இங்கனயே இருந்துருவேன்” என்றார். விளையாட்டுப் பேச்சுதான். கதவுக்குப் பின்னால் நின்ற ரசூல் பீவிக்கு அது விளையாட்டாக இல்லை. அடுத்த கப்பலுக்குத் திரும்பாவிட்டால் பெர்மிட் செத்துப்போகும், பிறகு பினாங்குக்குள் விடமாட்டான். போவாரா, இருப்பாரா? இதை நேருக்கு நேர் கேட்க அவளுக்கு நாக்கு எழவில்லை. அவரும் சொல்லவில்லை. இரண்டு பேரும் பேசுவதே ஆடிக்கு ஒருதரம், அமாவாசைக்கு ஒருதரம். விருந்தாளிக்குப் போலச் சோறு வைத்தாள், விருந்தாளியைப் போலச் சாப்பிட்டார்.

சரி, மீனாவது நல்லபடியாகக் குடும்பம் நடத்தட்டும் என்று வரிந்துகட்டினாள். கூடு கட்டும் என்றாரே, எதை வைத்துக் கட்டும் பாவம்? வைக்கோல் துணுக்கு கொஞ்சம், கரிசல்காட்டுப் பருத்தியில் பஞ்சு கொஞ்சம், அவர் பார்க்காத நேரத்தில் தண்ணீரில் போட்டாள். அவர் வந்து, “எங்கேருந்துதான் இந்தக் குப்பை விழுதோ” என்று பொறுக்கி எறிந்தார். விடியற்காலையில் அவர் பள்ளிவாசலுக்குத் தொழப் போனதும் தொட்டியைச் சுத்தம் பார்ப்பது அவள் வேலை. தினமும் மூலையில் ஏதாவது அழுக்கு மிதக்கும், எடுத்துப் போடுவாள். பகலெல்லாம் ஆள் நடமாட்டம், அந்த மிரட்சியில் மீன் ஓரிடத்தில் நிற்காது. அந்த ஆண் மீன் சிம்னியைச் சுற்றிச் சுற்றி வரும். செட்டையை விரிக்கும், மடக்கும். நிலைகொள்ளாமல் அலைவதில் அதற்கும் வீட்டுக்காரருக்கும் போட்டிதான்.

நாள் போனது. ஒருநாள் ஆலம் எழுந்து வேட்டியைத் தட்டினார்.

“இதுக்கு இந்த ஊரு ஒத்துக்கலை” என்றார். “கூடு கட்டுத நோக்கமே காணோம். இனி இருந்து பிரயோசனமில்லை. நாளைக்கு நாகப்பட்டினம் போயி டிக்கெட்டுக்குச் சொல்லிட்டு வாரேன்.”

அடுப்படியில் நின்ற ரசூல் பீவிக்கு அது காதில் விழுந்தது. பாகு பொங்கி வந்தது. பழகின கை தானாகவே கண்கரண்டியை எடுத்து, மேலே திரண்ட அழுக்கு நுரையை வழித்து வெளியே தட்டியது. கோபம்தான் வாயில் வந்தது.

“நானும் என்னதான் செய்ய? இந்தா, பாகுக்கு எடுக்குத மாதிரியே நித்தம் விடியக்காலம் அந்தத் தொட்டியிலயும் நுரைய வழிச்சு வழிச்சுப் போடுதேன். ஒரு பொட்டு அழுக்கு இல்லாம வச்சிருக்கேன். இதுக்கு மேல அந்த மீனுக்கு என்ன வேணுமாம்?”

ஆலம் திரும்பினார். “என்னத்த வழிச்சே?”

“நுரையத்தான்.”

“ஏட்டி, அந்த நுரைதான் கூடு! வாயால ஊதி ஊதிக் கட்டுது, நீ நித்தம் வழிச்சு எறிஞ்சிருக்கே!”

“யா அல்லா!”

பத்திரகாளி முறத்தைக் கீழே வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். ஆலமும் சிரித்தார், பிறகு சட்டென்று நிறுத்திவிட்டார்.

“என் சட்டையயும் இப்படித்தான் செஞ்சே” என்றார். “வந்த நாள்லேருந்து நான் ஆணியில மாட்டுதேன். நீ மடிச்சு மடிச்சுப் பெட்டிக்குள்ள வைக்கே. சரி, என்னையப் போகத்தான் சொல்லுதே போலன்னு இருந்துட்டேன்.”

ஆணியில் தொங்கினால் கரிசல் தூசி படியுமே, பினாங்குச் சட்டையாயிற்றே என்று அவள் பார்த்துப் பார்த்து மடித்தது. கெட்டிக்காரி! கையாலேயே வழியனுப்பியிருக்கிறாள்.

“வாயில என்ன கொழுக்கட்டையா? ஒரு வார்த்தை கேட்டா என்ன?” என்று கத்தினாள்.

“நீ கேட்டியா?”

பாகு பதம் தப்பிக் கருகிக்கொண்டிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு அவள் விறுவிறுவென்று உள்ளே போனாள். தகரப் பெட்டியைத் திறந்து, சட்டை, கைலி எல்லாவற்றையும் அள்ளி ஆணியிலும் கொடியிலும் வீசினாள். காலிப் பெட்டியைத் தரதரவென்று பின்வாசலுக்கு இழுத்து வந்து, பத்திரகாளியின் முறத்திலிருந்த கடலை அவ்வளவையும் அதற்குள் கொட்டினாள்.

“இப்போ எதுல எடுத்து வச்சுக்கிட்டுப் போவீங்க? போங்க, பாப்போம்!”

ஆலம் பெட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “கருகுது பாரு” என்று சொல்லி, பாகுச் சட்டியை அவரே துணியால் பிடித்து இறக்கிவைத்தார்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் தொட்டிப் பக்கம் கரண்டி போகவில்லை. மூலையில் நுரை கனமாகத் திரண்டு நின்றது. தொழுதுவிட்டு வந்தவரை அவள் வாசலிலேயே மறித்தாள். வந்த நாளிலிருந்து முறை சொல்லிக் கூப்பிடாதவள், அன்றுதான் கூப்பிட்டாள்.

“மச்சான், சிம்னியத் தூக்கலாமா?”