கத்துகிற பேனா

ஷட்டர் பாதி ஏறியபோது மணி ஒன்பதே கால். மலர்க்கொடி குனிந்து உள்ளே போய்விட்டாள்.

"லைட்டாவது போட விடுங்கம்மா," என்றார் ஜாஃபர் சாதிக். அதிராம்பட்டினத்திலிருந்து தினமும் பைக்கில் வந்து பேராவூரணியில் மோட்டார் சாமான் விற்பவர்.

"வயரை அறுக்காம, தோலைச் சீவாம, கரண்ட் இருக்கான்னு பார்க்கிற மீட்டர் வேணும் பாய்."

"வேலை பார்க்கப் போறது யாரு?"

"நான்தான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். வைரக்கண்ணுவின் மனைவி என்று அப்போதுதான் பிடிபட்டிருக்க வேண்டும். அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வைரக்கண்ணு போன மாசியில் மோட்டார் கொட்டகையில் செத்துப்போனான். கொட்டகை வாசலில் ஒரு குண்டு பல்பு தொங்கும். அந்த ஊரில் எல்லாக் கொட்டகையிலும் தொங்கும். வயலின் அடுத்த கோடியில் நின்றே கரண்ட் வந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளலாம். அன்று பல்பு எரியவில்லை. அதை நம்பி வயரில் கை வைத்தான். மோட்டாருக்கு மூன்று கம்பி. பல்பு அதில் ஒன்றில் எரிவது. அந்த ஒன்றில் மட்டும்தான் கரண்ட் நின்றுபோயிருந்தது. மற்ற இரண்டிலும் இருந்தது.

வழக்கமாக அப்படிச் செய்கிறவன் இல்லை. பியூஸ் பெட்டி வரப்போரக் கம்பத்தில் இருந்தது. அங்கே அவள் நிற்பாள். முப்பது தப்படி தள்ளி, கொட்டகைக்குள் அவன். அவள் மூன்று பியூஸ் கட்டையையும் பிடுங்கிவிட்டு "எடுத்தாச்சு" என்று குரல் கொடுத்தால்தான் தொடுவான். வேலை முடிந்ததும் அவள் கேட்பாள்: "கையை எடுத்துட்டீங்களா?" அவன் சொல்வான்: "எடுத்துட்டேன், போடு." இருபத்திரண்டு வருஷம். அன்றைக்கு அவள் திருவிடைமருதூரில் ஒரு கல்யாணத்தில் இருந்தாள்.

இப்போது எலி வயரைக் கடித்து நாலு நாள். குறுவை நாற்றங்கால் வெடிக்க ஆரம்பித்திருந்தது. எலக்ட்ரீஷியன் வெள்ளிக்கிழமைக்கு முன்னால் வர முடியாது என்றுவிட்டார். கொழுந்தன் பகலவன் நேற்று வந்து வாசலில் நின்றான்.

"ஒவ்வொரு வயருக்கும் ஆள் தேடிக்கிட்டிருப்பீங்களா அண்ணி? குத்தகைக்கு எழுதிக் குடுத்துடுங்க. நாத்து காய்ஞ்சப்புறம் நிலத்தை வச்சு என்ன பண்ணப் போறீங்க? நாளைக்குச் சாயந்திரம் பேப்பரோட வர்றேன்."

காலையில் கடை திறக்கும் முன்பே அவள் வந்து நின்றுவிட்டாள்.

ஜாஃபர் சாதிக் ஒரு மீட்டரை எடுத்து வைத்தார். நண்டுக் கொடுக்கு மாதிரி அதற்கு ஒரு வாய்.

"கிளாம்ப் மீட்டர். வயரை அப்படியே கவ்விக்கும். மோட்டார் எவ்வளவு இழுக்குதுன்னு நம்பர்ல சொல்லிடும்."

"மோட்டார் ஓடலைன்னா?"

"பூஜ்யம் காட்டும். கரண்ட் வயர்லயே நின்னுக்கிட்டிருக்கும்."

"அப்ப இதுவும் அந்தப் பல்புதான்."

அவர் அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். அடுத்து வந்தது பேனா மாதிரி இருந்தது.

"இதை வயர் மேல வச்சா போதும். கரண்ட் இருந்தா கத்தும்."

"கத்தலைன்னா இல்லைன்னு நம்பிடலாமா?"

"கூடாது. பேட்டரி செத்திருந்தாலும் கத்தாது. முதல்ல கரண்ட் இருக்கிற வயர்ல வச்சுப் பாருங்க. அப்புறம் வேலை பார்க்கிற வயர்ல, மூணு கம்பியிலயும். திரும்பவும் போய் இருக்கிற வயர்ல. அலுத்துக்கக் கூடாது."

"இல்லைன்னா இல்லைன்னு சொல்ற மீட்டரே கிடையாதா?"

"என்கிட்ட இல்லம்மா."

அவள் பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"குடுங்க. வீட்ல கத்துறதுக்கும் ஒரு ஆள் வேணும்ல."

அவர் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார். பேட்டரியைப் புதிதாக மாற்றிக் கொடுத்தார்.

வயலில் யாரும் இல்லை. மலர்க்கொடி கம்பத்தடியில் நின்று மூன்று கட்டையையும் பிடுங்கினாள். கம்பத்திலிருந்து பெட்டிக்கு வரும் வயரில் பேனாவை வைத்தாள். கத்தியது. முப்பது தப்படி நடந்து கொட்டகைக்குப் போனாள். ஒரு கம்பி. இரண்டாவது. மூன்றாவது. சத்தம் இல்லை. திரும்ப முப்பது தப்படி. கம்பத்தில் கத்தியது. மறுபடியும் கொட்டகைக்கு நடந்தாள். பல்பை நிமிர்ந்து பார்க்கவில்லை.

புறங்கையால் தொட்டாள். ஒன்றும் இல்லை.

எலி கடித்த இடத்தை வெட்டினாள். கம்பியை முறுக்கி டேப் சுற்றினாள். அவன் இரண்டு சுற்று சுற்றுவான். அவள் ஐந்து சுற்று சுற்றினாள். மூடியைப் போட்டு, திருகை இறுக்கி, வெளியே வந்தாள்.

கம்பத்தடியில் முதல் கட்டையைக் கையில் எடுத்தாள். இங்கிருந்து பார்த்தால் நாற்றங்கால் முழுக்கத் தெரிந்தது. கொட்டகைக் கதவு அவள் விட்டு வந்தபடி திறந்து கிடந்தது. உள்ளே இருட்டு.

கட்டையைச் செருகப் போன கை நின்றது. கொட்டகைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"கையை எடுத்துட்டீங்களா?"