எல்லர்ஸ்வீக் பஞ்சாயத்துக்கு ஒரு மனு

மலையாள தேசத்துக் கரமனை அக்ரஹாரத்தில் உட்கார்ந்துகொண்டு ஜெர்மனியில் ஒரு பஞ்சாயத்தை நிர்வாகம் பண்ணிக்கொண்டிருந்த ஒரே ஆள் நாகேஸ்வரன்தான். எல்லர்ஸ்வீக் எங்கே இருக்கிறது என்று யாராவது வாய்தவறிக் கேட்டுவிட்டால் போச்சு, அன்றைக்கு அவர்கள் ஆபீஸுக்கு லேட்டுதான். நாட்டின் வடக்குக் கோடியில், ஏரிக்கரையில், இத்துனூண்டு ஊர். ஜனத்தொகை ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று. மகள் சுப்ரியா, மாப்பிள்ளை மஹேஷ், மூன்று வயதுப் பேத்தி ஆர்ஷா மூவரும் குடியேறியபின் நாற்பத்தாறு. ஏரியின் பரப்பு இருநூற்றுப் பன்னிரண்டு ஹெக்டேர், ஆழம் பத்தொன்பது மீட்டர். எந்தக் காலத்திலோ மலை மலையாய் ஐஸ் நகர்ந்துபோனபோது தோண்டிவிட்டுப் போன பள்ளம் அது. ஊர் முதலில் மடத்துச் சொத்து, அப்புறம் டென்மார்க் ராஜா, ஆயிரத்தெண்ணூற்று அறுபத்து நாலில் ஒரு சண்டை, அதற்கப்புறம் பிரஷ்யாக்காரன் கை.

மனுஷர் ஜெர்மனியில் காலடி வைத்ததில்லை. பஞ்சாயத்து செகரட்டரியாக முப்பத்தொரு வருஷம் குப்பை கொட்டி ரிட்டயர் ஆனவருக்கு, பஞ்சாயத்து இல்லாமல் இருப்புக் கொள்ளவில்லை. மகள் ஊருக்கு ஒரு வெப்சைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். மீட்டிங் மினிட்ஸை எல்லாம் போனில் மொழிபெயர்த்து, பழைய கோப்பைப் புரட்டுகிற சுகத்தோடு வாசித்தார். மெம்பர் பதினோரு பேர், யாருக்கும் சம்பளம் கிடையாது. ஒன்பது ஊருக்குச் சேர்த்து ஒரே ஆபீஸ். பிரசிடென்ட் பகலில் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார்.

"கார் கிடையாது, பியூன் கிடையாது, ஜெயிச்சா ஒரு மாலை கூடப் போடமாட்டா. அப்புறம் என்னத்துக்கு நிக்கறான் எலெக்ஷன்ல?" என்று மனைவி நாகலக்ஷ்மியிடம் நிஜமாகவே கவலைப்பட்டார்.

"ஏன்னா, நம்ம வார்டு கவுன்சிலர் பேர் என்ன? சொல்லுங்கோ பாப்போம்" என்றாள் அவள்.

நாகேஸ்வரனுக்கு அந்தச் சமயம் பார்த்துக் காப்பி ரொம்பச் சூடாக இருந்தது. ஊதிக்கொண்டே எழுந்து போய்விட்டார்.

ஜூன் மாதம் ஒரு நாள், வழக்கம்போல் சாயங்காலம் நாலு மணிக்கு சுப்ரியாவை வீடியோவில் கூப்பிட்டார். அங்கே அப்போது மத்தியானச் சாப்பாட்டு நேரம். ஏரியில் படகு கட்டுகிற ஜெட்டிக்குப் புதுப் பலகை போடப்போவதைப் பற்றி மகளுக்கு விளக்கம் சொன்னார். "அப்பா, ஒரு விஷயம்" என்றாள் சுப்ரியா. "இரு, முடிச்சுடறேன்" என்று பலகையின் மரம் என்ன ஜாதி என்பதையும் சொன்னார். மூன்றாவது தடவைதான் அவளுக்கு வாய் திறக்க வழி கிடைத்தது.

பக்கத்து டவுனில் ஒரு லேபில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. ஆகஸ்ட் ஒண்ணாம் தேதி சேரவேண்டும். சேராவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். மூன்று வருஷமாகக் காத்திருந்த வேலை. மஹேஷுக்குக் கடலுக்குள் காற்றாடி மின்சாரம் எடுக்கிற கம்பெனியில் உத்தியோகம், மூன்று வாரம் கடல், ஒரு வாரம் வீடு. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஊரில் இருப்பது பஞ்சாயத்தின் குழந்தைகள் பள்ளி ஒன்றுதான். இடம் இரண்டு. லிஸ்ட்டில் ஆர்ஷா நாலாவது.

"லிஸ்ட்டா!" என்றார் நாகேஸ்வரன். அவர் உடம்பே நிமிர்ந்துவிட்டது. லிஸ்ட்டில் நாலாவதை முதலாவதாக்குவது எப்படி என்று அவரிடமா கேட்பது?

இந்த இடத்தில் அவருடைய தொழில் ரகசியத்தைச் சொல்லிவிட வேண்டும். பஞ்சாயத்தில் வீடோ கிணறோ வேண்டுமென்றால், உள்ளதை உள்ளபடி எழுதுகிறவன் அசடு. கஷ்டம் ஒன்று இருந்தால் ஏழாக எழுதவேண்டும். வாசிக்கிற ஆபீசருக்கும் அது தெரியும், அவர் தாமாகவே கழித்துக்கொண்டு வாசிப்பார். உள்ளதை மட்டும் எழுதினால் அதிலும் கழித்துவிடுவார், கையில் ஒன்றும் மிஞ்சாது. முப்பத்தொரு வருஷத்தில் எத்தனையோ ஏழைபாழைகளுக்கு நாகேஸ்வரனே பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் எழுதிக்கொடுத்து வராத கிணறு இல்லை.

அன்றே மனு எழுத ஆரம்பித்தார், மலையாளத்தில். வீட்டுத் தமிழில் அவருக்குச் சண்டை போடத்தான் வரும், இங்கிலீஷில் லீவு கேட்கத்தான் வரும். கண்ணீர் வருவது ஆபீஸ் மலையாளத்தில்தான். பதினாலு பாயின்ட். கூரை ஒழுகுகிறது. தாய் அடிக்கடி படுத்த படுக்கை. குழந்தை பாலில்லாமல் மெலிந்துவிட்டது. தகப்பன் கடலுக்குப் போனவன், வருவானோ மாட்டானோ. இப்படியே போயிற்று. இடையில் கை ஓயும்போது பழைய மனுக்களின் வாசகங்கள் தாமாக வந்து விழுந்தன.

கூட வேலை பார்த்த ஹரிகுமார் பக்கத்துத் தெரு. போனில் அதை ஜெர்மனாக மாற்றி அனுப்பித் தரவேண்டியது அவர். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஸ்வாமீ, இது கொஞ்சம் கூடிப்போயில்லே? சுப்ரியாமோள் நல்லாத்தானே இருக்கா?"

"ஹரி, அவனும் கழிச்சுத்தானே வாசிப்பான். சும்மா அனுப்பு. மெம்பர் பதினோரு பேருக்கும் காப்பி வை."

சுப்ரியாவிடம் மூச்சு விடவில்லை. இடம் கிடைத்ததும் ஒரேயடியாகச் சொல்லி அசத்தவேண்டும் என்று எண்ணம்.

மூன்றாம் நாளே பதில் வந்துவிட்டது! உங்கள் கடிதத்தை மிகவும் கவனமாக எடுத்துக்கொண்டோம், உடனே நடவடிக்கை எடுக்கப்பட்டிருக்கிறது, கீழே பிரசிடென்ட் கையெழுத்து. நாகேஸ்வரனுக்குத் தலைகால் புரியவில்லை. காலையில் ஆற்றங்கரையில் கூட நடக்கிறவர்களை நிறுத்தி நிறுத்திக் காட்டினார். "இங்கேன்னா ஆறு மாசம் இழுப்பான். பாத்தேளா? மூணே நாள்! மனுன்னா எழுதற விதத்துல எழுதணும்" என்றார். கூட நடந்தவர்கள் தப்பித்தால் போதும் என்று ஆமாம் போட்டார்கள்.

மறுநாள் சுப்ரியாவே கூப்பிட்டாள். நாலு மணிகூட ஆகவில்லை.

"அப்பா, நீங்க என்ன எழுதினேள்?"

குரலைக் கேட்டதுமே அவர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

குழந்தைகள் நல ஆபீஸிலிருந்து இரண்டு பெண்கள் வந்திருந்தார்கள். ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தார்கள். ஆர்ஷாவை எடை போட்டார்கள். மெத்தையைத் தொட்டுப் பார்த்தார்கள். உன் புருஷன் உன்னை விட்டுவிட்டுப் போய்விட்டானா என்று தன்மையாகக் கேட்டார்கள். அதற்குள் வாசலில் பிரசிடென்ட் வந்து நிற்கிறார், சைக்கிள் கடை எண்ணெய்க் கையோடு, ஏணியும் தார்ப்பாயுமாக. கூரை ஒழுகுகிறதாமே, மழைக்கு முன்னால் மூடிவிடலாம் என்று வந்தாராம்.

"இங்கே யாரும் கழிச்சு வாசிக்கமாட்டாப்பா. எழுதினா எழுதினதுதான்" என்றாள் சுப்ரியா. "குழந்தையைத் தூக்கிண்டு போயிடுவாளோன்னு நான் நடுங்கிண்டு நின்னேன், தெரியுமா?"

நாகேஸ்வரனுக்கு ஏரியின் ஆழம் தெரியும், ராஜா பேர் தெரியும், மெம்பருக்குப் படிக்காசு கிடையாது என்பது தெரியும். எழுதினதை அப்படியே நம்புகிற ஊர் என்பது மட்டும் இந்த மகா மேதாவிக்குத் தெரியாமல் போச்சு. பேத்தியை ஊரானிடம் தூக்கிக் கொடுக்கப் பார்த்த தாத்தா! செருப்பாலேயே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"தப்புதாம்மா. நான் இப்பவே எழுதறேன், எல்லாம் பொய், நான் ஒரு பைத்தியம்னு எழுதறேன்."

"இனிமே ஒரு எழுத்து எழுதப்படாது!" என்றாள். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "பயப்படாதேள். ஆர்ஷாவுக்கு ஒண்ணும் இல்லைன்னு எழுதி கேஸை முடிச்சுட்டா. ஸ்கூல்ல எடமும் கெடச்சுடுத்து. ஆகஸ்ட்லேருந்து."

"கெடச்சுடுத்தா!" என்றார். வெட்கமில்லாமல் அந்த நிலையிலும் உள்ளே ஒரு செகரட்டரி துள்ளினார். "பாத்தியா, நான் அப்பவே..."

"உங்க பொய்க்கு இல்லைப்பா. பதினாலு பாயின்ட்டையும் ஒவ்வொண்ணா வாசிச்சு, இது நெஜமா, இது நெஜமான்னு கேட்டா. பதிமூணுக்கு இல்லைன்னு சொன்னேன். ஒண்ணுக்குச் சொல்ல வரலை. அழுகை வந்துடுத்து. அதை வெச்சுத்தான் எடம் கொடுத்தா."

"எதும்மா அது?"

"பன்னெண்டாவது. நீங்கதானே எழுதினேள், பாருங்கோ." போனை வைத்துவிட்டாள்.

நகல் மேஜையிலேயே இருந்தது. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். பன்னிரண்டாவது பாயின்ட் பக்கத்தை நிரப்பப் போட்டது. எப்போதோ ஒரு விதவைக்கு எழுதிக் கொடுத்த வாசகம், அப்படியே வந்து விழுந்திருந்தது. காலை முதல் இரவுவரை இவளிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்க ஒரு ஜீவனும் இல்லை.

ஏன் இல்லை? தினம் நாலு மணிக்கு நான் அரைமணி நேரம் பேசுகிறேனே! கோபத்தோடு எழுந்தேவிட்டார். அன்றைக்கு ஜெட்டி, அதற்கு முந்தினநாள் டென்மார்க் ராஜா, அதற்கும் முந்தினநாள் குப்பை வண்டி வருகிற கிழமை. எண்ணிக்கொண்டே போனவர் பாதியில் உட்கார்ந்துவிட்டார்.

அரைமணி கழித்து மகளைக் கூப்பிட்டார். எடுத்தாள்.

"ஹலோ? அப்பா? லைன் கட்டாயிடுத்தா?"

"இல்லேம்மா" என்றார். "நீ எப்படி இருக்கே?"

பதில் வர வெகுநேரம் ஆயிற்று. நாகேஸ்வரன் நடுவில் ஒன்றும் பேசவில்லை.