தொட்டியின் அடிமண்

சாரத்திலிருந்து விழுந்ததில் உடைந்த இடுப்பெலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொன்னார். கூடினாலும் இனிமேல் சாரம் ஏறக் கூடாது என்பதையும் அதே மூச்சில் சொன்னார். இருபது வருடம் செங்கல் வைத்த கொத்தனார் அன்றிலிருந்து வீட்டில் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி மட்டும் கட்டட வேலைக்குப் போனாள். கலவைச் சட்டியைத் தலையில் வைத்து ஏணி ஏறுகிற வேலை. சாயங்காலம் புருவத்தில் சிமெண்ட் தூசியோடு வருவாள், குளிப்பாள், சாப்பிடுவாள். "உப்பு சரியா இருக்கு" என்பாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். அந்தப் பாராட்டு அவருக்குள் ஆணி மாதிரி இறங்கியது. மனைவி சுமந்த சோற்றை ஆக்கிப் போடுகிறவன் என்று தன்னைத்தானே திட்டிக்கொள்வார். வெளியே சொன்னதில்லை.

மச்சான் ஒரு வழி கொண்டுவந்தான். அவள் தம்பி; வண்ணமீன் கடையில் வேலை. பல் டாக்டரம்மா ஒருவர் தன் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் உட்காரும் அறைக்கு, தண்ணீருக்குள் செடி வளர்க்கிற கண்ணாடி மீன்தொட்டி வேண்டும் என்று கடைக்கு வந்திருக்கிறார். முதலாளி சொன்ன விலையைக் கேட்டதும் பல்வலிக்காரர் மாதிரி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மச்சான் வாசல் வரை கூடவே போய், எங்க மாமா குறைச்சலாகச் செய்து தருவார் என்று காதில் போட்டுவிட்டான். டாக்டரம்மா ஒத்துக்கொண்டார். இரண்டு மாதம் பார்ப்பார். தண்ணீர் தெளிந்து செடி பிடித்துவிட்டால் மாதாமாதம் பராமரிக்கிற வேலை கொத்தனாருக்கு. கூட்டாளிகளின் ஆஸ்பத்திரிகளிலும் தொட்டி வைக்கச் சொல்வார். இல்லையென்றால் தொட்டி வெளியே.

உட்கார்ந்தும் நின்றும் செய்கிற வேலை. சாரம் இல்லை. கொத்தனார் அன்று இரண்டு தடவை முகம் கழுவினார்.

கண்ணாடி, விளக்கு, தண்ணீர் சுத்தம் செய்யும் மோட்டார் எல்லாம் வாங்கியதில் டாக்டரம்மா கொடுத்த பணம் கரைந்துவிட்டது. அடியில் போட மண் பாக்கி. மச்சான் கடையிலிருந்து ஒரு பையைத் தூக்கிவந்து வைத்தான். கறுப்பாக, மிளகு மாதிரி உருண்டை உருண்டையாக இருந்தது. இப்படி நாலு பை வேண்டுமாம்.

"இது சாதாரண மண்ணு இல்ல மாமா. சுட்ட மண்ணு."

"சுட்டா அது செங்கல்டா. அதத்தான் நான் இருபது வருஷமா அடுக்கிட்டிருந்தேன்."

"முதலாளிக்கு ஒரு பையாவது போகட்டும் மாமா. அவர் வாடிக்கையை நாம தட்டிட்டு வந்திருக்கோம்."

"உங்க அக்கா ஒரு வாரம் தலையில சுமக்கிறது இந்த ஒத்தப் பைக்குள்ள இருக்கு. நீயே உங்க முதலாளிகிட்ட திருப்பிக் கொடுத்துடு."

மச்சான் பையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் முறைத்தான். பிறகு, தனக்குத் தெரிந்ததைக் கஞ்சன் காசு கொடுப்பது மாதிரி ஒவ்வொன்றாகக் கொடுத்தான். எரு கலந்த மண் ஆகாது, தண்ணீர் பச்சையாகிவிடும். சுண்ணாம்பு கலந்த கல் ஆகாது, அது தண்ணீரைக் கடினமாக்கும், பாதிச் செடி வாடிவிடும். சுண்ணாம்பு இருக்கிறதா என்று பார்க்க வினிகர் ஊற்றினால் போதும். நுரைத்தால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

கொத்தனாருக்கு இது பிடித்த வேலை. மண்ணைப் பார்த்தே வளர்ந்த ஆள். பளிங்குக்கல் அறுக்கிற பட்டறையில் சும்மா அள்ளிக்கொள்ளச் சொன்ன வெள்ளைச் சில்லு முதலில் வந்தது. வினிகர் பட்டதும் சோடா மாதிரி பொங்கியது. கல்லை உடைத்துச் செய்த மணலை அலசினார். ஏழெட்டு வாளி மாற்றியும் பால் மாதிரியே இருந்தது. நாற்றுப்பண்ணை மண்ணில் எருவின் வாடை தூக்கியது. கடைசியில் அவர் மனைவி வேலை செய்கிற இடத்தில், வேலி ஓரம் புல் முளைத்துக் கிடந்த மேல்மண்ணை மேஸ்திரியிடம் கேட்டு அள்ளிவந்தாள். அதே சும்மாடு, அதே சட்டி. "நாள் முழுக்க ஊருக்குச் சுமந்தேன். இது நமக்கு" என்று முற்றத்தில் கொட்டினாள். கொத்தனார் அதை ஊறவைத்து, மிதந்த வேரையும் சருகையும் வடித்து, வெயிலில் காயவைத்து, மறுபடி ஊறவைத்தார். மேலே போட, பூச்சு மணலைச் சலித்த பிறகு சல்லடையில் தங்கும் பருமணல். வினிகர் ஊற்றினார். சத்தமே இல்லை. அவருக்குக் கோயில் மணி கேட்ட மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரி பூட்டியிருந்தபோது தொட்டியை அமைத்தார். மண்ணைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, மட்டப்பலகையால் தட்டினார். ஒரு மூலை தாழ்ந்திருந்தது. இன்னும் கொஞ்சம் மண் போட்டுத் தட்டினார். மேலே மணலைப் போட்டு இழுத்துவிட்டு, அதையும் தட்டினார். இரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். குமிழி நடுவில் நின்றது. செடி நடும்போது விரல் உள்ளே போகவில்லை, ஸ்க்ரூ டிரைவரால் குத்தித்தான் நட வேண்டியிருந்தது. நல்ல உறுதி என்று நினைத்துக்கொண்டார்.

டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, தரை மாதிரி அழகாக இருக்கிறதே என்றார். கொத்தனார் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

மீன் இன்னும் விடவில்லை. செடி பிடித்த பிறகுதான் மீன் என்று மச்சான் சொல்லியிருந்தான். செடியோடு ஒட்டிவந்த நத்தைகள் மட்டும் இருந்தன. மூன்று வாரம் போயிருக்கும். வரவேற்பு மேசையில் இருக்கும் பெண் போன் செய்தாள். அறையில் அழுகின முட்டை வாடை அடிக்கிறதாம். முதலில் யாருக்கும் தொட்டி மேல் சந்தேகம் வரவில்லை. வந்திருப்பது பல் ஆஸ்பத்திரிக்கு. அதனால் ஆளாளுக்குத் தன் வாயைப் பொத்திக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரை ஓரக்கண்ணால் பார்த்திருக்கிறார்கள். ஒருத்தர் வெட்கப்பட்டு எழுந்தே போய்விட்டாராம். இதைச் சொல்லும்போது அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது. கடைசியில் சொன்னதில் சிரிப்பு இல்லை: திங்கட்கிழமை காலை வாடை இருந்தால் தொட்டியை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

அன்று சனிக்கிழமை. கொத்தனார் போய்ப் பார்த்தார். இலைகள் மஞ்சளாகிச் சாய்ந்திருந்தன. நத்தைகள் தண்ணீரை விட்டுக் கண்ணாடியின் மேல் விளிம்பில் ஏறி ஒட்டிக்கொண்டிருந்தன. மச்சானுக்குப் போன் போட்டார். அவன் நேரே சொன்னான்: நாலு பை வாங்கியிருக்கலாம்.

"மண்ணு கெட்டது இல்லடா. நான் பார்த்த மண்ணு."

"அப்ப உங்க கையத்தான் பார்க்கணும்" என்று வைத்துவிட்டான்.

சாயங்காலம் அவர் மனைவி வேலை முடிந்து நேரே ஆஸ்பத்திரிக்கே வந்தாள். முழங்கை வரை காய்ந்த கலவை. தொட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கண்ணாடி வழியே மண்ணைப் பார்த்தாள். பழுப்பாக இருந்த மண் திட்டுத் திட்டாகக் கறுத்திருந்தது. கையைக் கழுவிவிட்டு உள்ளே விட்டு ஒரு செடியைப் பிடுங்கினாள். எளிதில் வரவில்லை. வந்த வேர் கரித்துண்டு மாதிரி இருந்தது. கூடவே பெரிய குமிழி ஒன்று எழும்பி உடைந்தது. இரண்டு பேரும் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள்.

அவள் ஒரு விரலால் மணலைக் குத்திப் பார்த்தாள். நகக்கண் வலித்தது.

"என்ன பண்ணீங்க இத?"

"பரப்பி மட்டம் பண்ணேன்."

"தட்டினீங்களா?"

"தட்டாம எப்படி மட்டம் வரும்?"

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தார். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"செடி நடச் சொன்னா தரை போட்டு வச்சிருக்கீங்க. இதுக்குள்ள வேரு எங்க மூச்சு விடும்?"

கொத்தனார் மட்டப்பலகை பிடித்த கையைப் பார்த்தார். மண் என்றால் நனை, தட்டு, இறுக்கு. யாரும் கேட்காமலே அந்தக் கை செய்துவிட்டிருந்தது. வினிகர் வாங்கிச் சோதித்தது மண்ணைத்தான். கையைச் சோதிக்கத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆஸ்பத்திரிச் சாவியை வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் வந்தார்கள். தண்ணீரைக் குழாய் போட்டு இறக்கினார்கள். கறுத்த மண்ணை அள்ளி வாளியில் போட்டு அவள் வெளியே கொண்டுபோனாள். அவரால் வாளி தூக்க முடியாது. மிச்சம் வைத்திருந்த மண்ணை இந்தத் தடவை பாதி கனத்துக்குப் போட்டார். கையால் உதிர்த்து, விழுந்த இடத்தில் விழட்டும் என்று விட்டார். மணலைச் சட்டியிலிருந்து சரித்தார். முன்பக்கம் மேடும் நடுவில் பள்ளமுமாக நின்றது. அவர் கை தானாக முன்னே போனது.

அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க. யாரும் இதுல நடக்கப் போறதில்ல."

நல்ல வேர் இருந்த செடிகளை மட்டும் தேர்ந்தெடுத்து நட்டார்கள். விரலே போதுமானதாக இருந்தது. மண் கலையாமல் இருக்க, தண்ணீரை ஒரு தட்டின் மேல் மெதுவாக ஊற்றினார்கள். விளிம்பில் ஒட்டியிருந்த நத்தைகளை எடுத்துத் தண்ணீரில் விட்டாள். ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து வைத்துவிட்டு, நோயாளிகள் உட்காரும் நாற்காலிகளில் சாப்பிடக் கொண்டுவந்ததைப் பிரித்து உட்கார்ந்தார்கள். அவள் ஒரு வாய் வைத்துவிட்டு, இன்றைக்கு உப்பு போடவே மறந்துவிட்டீர்கள் என்றாள். அவருக்குச் சிரிப்பு வந்தது.

திங்கட்கிழமை டாக்டரம்மா மூக்கைத் தொட்டிக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். வாடை இல்லை. மேடு பள்ளமாக இருக்கிறதே, முன்பு நன்றாக இருந்ததே என்றார். கொத்தனார் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார்: பழக்கத்தில் தரை போட்டுவிட்டேன், அதுதான் நாறியது. டாக்டரம்மா இன்னொரு தடவை மோந்து பார்த்தார். சொன்ன இரண்டு மாதத்தை இன்றிலிருந்து கணக்கு வைத்துக்கொள்ளலாம் என்றுவிட்டு, காத்திருந்த பல்லைப் பார்க்கப் போனார்.

மழை விட்டு வெயில் தொடங்கிய ஒரு நாள், கண்ணாடி ஓரமாக மண்ணுக்குள் வெள்ளை நூல் மாதிரி ஒரு வேர் இறங்கியிருந்தது. அடுத்த வாரம் நாலைந்து. பிறகுதான் மீன் விட்டார்கள். கெடு முடிந்த அன்று டாக்டரம்மா ஒரு முகவரியைத் தந்தார். கண் டாக்டர் ஒருவருடையது.

அங்கே போனபோது அவர் மனைவி மண்சட்டியோடு கூட வந்தாள்; அன்று கட்டட வேலைக்குப் போகவில்லை. கொத்தனார் மண்ணை உதிர்த்தார், மணலைச் சரித்தார். வலது மூலை நன்றாகவே தாழ்ந்திருந்தது. அதைப் பார்த்தபடி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"ம்" என்றாள் அவள், தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு.