சாமி படத்துக்குப் பின்னால்

எங்கள் வீட்டில் நைனாவின் போட்டோ கிடையாது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய என் அப்பா இன்னாசியை யார் போட்டோ எடுத்தார்கள்? ஆனால் அவர் ஒரு சினிமாவில் இருந்தார். ராயபுரத்தில் அவரும் கூட்டாளிகளும் போட்ட ‘ரங்கூன் மருமகன்’ நாடகத்தை 1936ல் ஒரு கம்பெனி பாட்டும் கூத்துமாகப் பேசும் படமாக எடுத்தது. இங்கே ஒரு வாரம் ஓடியது. அந்த வாரம் பார்த்து நான் பிறந்து தொலைத்தேன்; அம்மாவால் போக முடியவில்லை. எனக்கு நாற்பது நாள் ஆவதற்குள் மூட்டை சரிந்து நைனா போய்விட்டார். பதினாறு வருடத்தில் அவர் முகம் தனக்கே கலைந்துவிட்டது என்பாள் அம்மா. படத்தில் என்ன வேஷம் என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவாள்.

திருவொற்றியூரில் பழைய படச்சுருள் கழுவும் கொட்டகைக்கு நாங்கள் வேலைக்குப் போனதே அந்தப் படத்துக்காகத்தான். ஓடி முடிந்த படச்சுருள்கள் அங்கே வரும். சோடாக் காரத் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்தால் படம் அழிந்து, தொட்டியடியில் வெள்ளிச் சேறு தங்கும். வெறும் சுருள் வளையல் செய்யப் போகும். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. பெட்டி மேல் எழுதிய பெயரை நான்தான் படிப்பேன்.

அன்றும் படித்தேன். “சாமி படம்மா. போடு.”

கடைசிச் சுருளை மட்டும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சேலை கட்டிய ஒருத்தன், முறுக்கு மீசையோடு இடுப்பை ஒடித்து நின்றான். சாமி படத்திலும் கோமாளி இருப்பான்தானே. வாய்விட்டுச் சிரித்தேன்.

“இன்னாடி சிரிப்பு? கை நடக்கட்டும்” என்றாள் அம்மா. தொட்டியில் போட்டேன். அவள் தேய்த்தாள்.

மறுவாரம், பெட்டிகளைக் கொண்டுவரும் யானைக்கவுனி ஹபீபுல்லா பாய் டீ குடித்துக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னார்: “அந்தச் சாமி படத்துக்குப் பின்னாடி ஒரு சிரிப்புப் படம் ஒட்டிகினு இருந்துச்சே, பாத்தியா இருதயம்மா? குட்டிப் படம். தனியா ஓட்டினா கூட்டம் வராதுன்னு வெளியூர்ல சேத்தே ஓட்டுனாங்க. ரங்கூன் மருமகன். மீசக்காரன் ஒருத்தன் சேலை கட்டிகினு பாடுவான், கொட்டாயே அதிரும். அதுக்கு வேற காப்பி கெடையாது.”

அம்மா தொட்டி ஓரமாகவே உட்கார்ந்துவிட்டாள்.

“அவருதான். பொம்பள வேசம்னு வெக்கப்பட்டுகினு ஒங்கிட்ட சொல்லாம வுட்டேன். என் கையாலயே தேச்சுட்டேனே, பிலோமி.”

எனக்கு அவள் மேல் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? ஆனால் சோடாக் காரம் அரித்த அந்த விரல்களைப் பார்த்ததும் அழுகைதான் வந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டாள்: “நீ ஒரு துண்டுகூடப் பாக்கலியா?”

“இல்லம்மா.”

பார்த்தேன் என்றால், முகம் எப்படி இருந்தது என்று கேட்பாள். எனக்கு மீசை மட்டும்தான் நினைவிருக்கிறது.