யஸ்னாவின் நோய்க்கு ஒரு நல்ல பெயர்

"நரம்புத் தளர்ச்சின்னு சொல்லிடலாம்," என்றாள் ராத்மிலா, மகளின் காலரை இழுத்துச் சரிசெய்தபடி.

"நரம்புன்னா பைத்தியம்னு நெனச்சுப்பாங்க. வயித்துப்புண்ணுன்னு சொல்லு," என்றார் அப்பா விதோயே.

"எனக்கு இருக்கறது சர்க்கரை நோய்," என்றாள் யஸ்னா. "சின்னப் பிள்ளையிலேர்ந்து இருக்கு. அதுக்கு ஏற்கனவே ஒரு பேரு இருக்குப்பா."

"மெதுவாப் பேசுடி! பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்திருக்கு."

மொராவா ஆற்றோரத்து எங்கள் ஊரில், மாப்பிள்ளை வீட்டார் வந்து பெண் கேட்டுப் போனபின், பெண் வீட்டார் போய் அவர்கள் வீட்டைப் பார்த்துவர வேண்டும். யஸ்னாவுக்குத் தபால் நிலையத்தில் வேலை. மரச்சாமான் கடைக்காரர் ஸ்வேதோசாரின் ஒரே மகன் மிலோயேதான் மாப்பிள்ளை. அவனிடம் அவள் முன்பே எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். "நேரம் பார்த்து அம்மாகிட்ட சொல்றேன்" என்றிருந்தான். அந்த நேரம் இன்னும் வரவில்லை.

கார் மாப்பிள்ளை வீட்டு வாசலில் நிற்பதற்குள் வயிற்றுப்புண் என்று முடிவாகிவிட்டது.

மாப்பிள்ளையின் அம்மா தெசான்கா தட்டோடு வந்தாள். செர்ரிப் பழப்பாகு, கரண்டிகள், குளிர்ந்த தண்ணீர். வந்தவர்கள் ஒரு கரண்டியாவது சாப்பிட்டே ஆக வேண்டும். மறுத்தால் வீட்டுக்காரியை அவமதித்ததாக ஆகிவிடும்.

யஸ்னா மறுக்கவில்லை. கைப்பையிலிருந்து இன்சுலின் பேனாவை எடுத்தாள். அளவைத் திருகி, சட்டை ஓரத்தைக் கொஞ்சம் விலக்கிக் குத்திக்கொண்டாள். பிறகு கரண்டி நிறையப் பாகை எடுத்து வாயில் போட்டாள்.

"ரொம்ப நல்லாருக்கு அத்தை."

தெசான்கா தட்டை மேசையில் வைத்தாள். "என்னம்மா அது?"

"வைட்டமின்!" என்றாள் ராத்மிலா.

"உண்ணிக்கடித் தடுப்பூசி!" என்றார் விதோயே, அதே நொடியில். வயிற்றுப்புண் இருவருக்குமே மறந்து போயிருந்தது.

ஸ்வேதோசார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. "அட, இது என்னோடது மாதிரியேதான்! தெசான்கா, ஃப்ரிட்ஜுல முட்டைக்கோஸ் ஊறுகாய்க்குப் பின்னால ஒளிச்சு வச்சிருக்கியே, அதே பேனா!"

"உங்களோடது வேற," என்றாள் தெசான்கா. "அது பட்டாளத்துல பட்ட கஷ்டத்தால வந்தது. குடும்பக் கவலையால வந்தது. ஊரே அதுக்காக உங்களுக்கு மரியாதை கொடுக்குது."

"டாக்டர் சர்க்கரைன்னுதானே..."

"அந்தாளுக்கு என்ன தெரியும்? ஆம்பளைக்கு அது உழைச்சதால வர்றது. பொம்பளைக்கு அது ரத்தத்துலயே இருக்கறது. நாளைக்குப் பேரப்பிள்ளைங்க பொறக்க வேணாமா?"

"அப்போ உங்க பையன் உடம்புல அவங்க அப்பா ரத்தம் ஓடலையா அத்தை?" என்று கேட்டாள் யஸ்னா.

எல்லோரும் மிலோயேயைப் பார்த்தார்கள். அவன் கையிலிருந்த கரண்டியை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கல்யாணம் அங்கேயே நின்றது. சத்தம் இல்லை, சண்டை இல்லை. ஊருக்கு என்ன சொல்வது என்பது மட்டும்தான் பாக்கி. அதுவரை ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் அளந்துகொண்டிருந்த இரண்டு அம்மாக்களும் இப்போது ஒரே சோபாவில் தலையோடு தலை சேர்த்து உட்கார்ந்தார்கள்.

"யஸ்னாவுக்கு ஜெர்மனியில வேலை கெடச்சிருச்சுன்னு சொல்லிடுவோமா?" என்றாள் தெசான்கா.

"நல்ல சம்பளம்னும் சேர்த்துக்கங்க," என்றாள் ராத்மிலா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

இருவரும் கன்னத்தில் முத்தமிட்டு விடைபெற்றார்கள். காரில் திரும்பும்போது யஸ்னா அழுதாள். அவள் கையைத் தடவியபடி அம்மா, "நல்லபடியா முடிஞ்சுதே, அதுவரைக்கும் சந்தோஷம்" என்றதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அதன்பின் தபால் நிலையத்தில் அவள் தினமும் ஜெர்மனி வேலைக்கான வாழ்த்துகளை வாங்கிக்கொண்டு தபால்தலை விற்றாள். ஒருநாள் மிலோயேயே ஒரு பார்சலோடு ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்றான். அவனுக்குப் பின்னால் அவன் அம்மாவின் தோழி ஸ்தாமெனா நின்றிருந்தாள். அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு அவன் கேட்டான்: "ஜெர்மனி எப்படி இருக்கு, யஸ்னா?"

அவள் பார்சலின் மேல் முத்திரையைக் குத்தினாள். வரிசையில் கடைசியாக நின்றவருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"நான் எங்கயும் போகல மிலோயே. எனக்கு சர்க்கரை நோய். அதனாலதான் உங்க வீட்டுல என்னை வேணாம்னாங்க."

ஸ்தாமெனா நெஞ்சில் சிலுவைக்குறி இட்டுக்கொண்டு, பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள்:

"ஐயோ பாவம். ஜெர்மனிக்குப் போயி என்ன நோயை வாங்கிட்டு வந்திருக்கா பாரு!"