ஓரகத்தி போட்ட இணைப்பு

ஒரே வீட்டுக்கு மருமகளாக வந்தவள் ஒரே அலுவலகத்துக்கும் வந்து சேர்வாள் என்று பெரியவள் கனவிலும் நினைக்கவில்லை. அதுவும் தன் வாயாலேயே. கொழுந்தனின் மனைவி படித்த பெண், சும்மா வீட்டில் இருக்கிறாளே என்று மாமியார் நாலு தடவை சொல்லப்போய், மேனேஜர் காதில் ஒரு வார்த்தை போட்டுவைத்தாள். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அது ஒரு கட்டட நிறுவனம். ஊருக்கு வெளியே ஆறு மாடி மருத்துவமனை ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. எந்த வேலை எந்தத் தேதியில் தொடங்கும், என்றைக்கு முடியும் என்று கணினியில் அட்டவணை போடுவது பதினோரு வருஷமாகப் பெரியவளின் பொறுப்பு. நானூறு வரிகள். ஒரு வேலை தள்ளிப்போனால் அதற்குப் பின்னால் வரும் தேதிகளையெல்லாம் ஒவ்வொன்றாகக் கையால் மாற்றுவாள். கழுத்து விட்டுப்போகும். ஆனாலும் சைட்டிலிருந்து போன் வந்தால் மேனேஜர் அவள் பக்கம்தான் திரும்புவார். அவளும் திரையைப் பார்க்காமலே தேதி சொல்வாள்.

சின்னவள் வேலைக்கு வந்த மூன்றாம் வாரமே அந்த மென்பொருளுக்குள் புகுந்து வேலைகளை ஒன்றோடொன்று இணைத்துவிட்டாள். கம்பி கட்டி முடிந்தால்தான் மின்சாரப் பைப், பைப் பதித்து முடிந்தால்தான் கான்கிரீட் என்று வரிக்கு வரி தொடர்பு. முன்னால் இருப்பது இரண்டு நாள் தள்ளினால் பின்னால் இருப்பவை தாமாகவே தள்ளிக்கொள்ளும். மேனேஜர் ஒரு தேதியை மாற்றிப் பார்த்தார். திரையில் அத்தனை வரிகளும் சரசரவென்று நகர்ந்து நின்றன. புதுப் பொம்மை கிடைத்தவர் போல மறுபடியும் மாற்றினார்.

"இத இத்தன வருஷமா நாம ஏன் செய்யல?" என்று பெரியவளிடம் கேட்டார்.

குத்திக்காட்டிக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார். அதுதான் ஆழமாக இறங்கியது.

வீட்டிலும் அதே பேச்சு. கொழுந்தன் சாப்பாட்டு மேஜையில் மனைவியின் பெருமையை அளந்தான். மாமியார் வாயெல்லாம் பல்லாகக் கேட்டாள். பெரியவளின் கணவரோ, அவளிடமே நீயும் கற்றுக்கொள்ளேன் என்று யோசனை வேறு சொன்னார். பரிமாறிக்கொண்டிருந்த கரண்டி பாத்திரத்தில் கொஞ்சம் சத்தமாகவே விழுந்தது.

சின்னவள் திமிர் பிடித்தவளாக இருந்திருந்தால் வெறுப்பதற்கு வசதியாக இருந்திருக்கும். அவளோ "அக்கா, அக்கா" என்று பின்னாலேயே வந்தாள்.

ஒருநாள் மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். பெரியவள் நாலாவது மாடித் தளத்தின் வரிகளைத் திறந்தாள். பைப்பையும் கான்கிரீட்டையும் சேர்க்கும் சின்னக் கோட்டைத் தொட்டு, நீக்கிவிட்டாள். எந்தத் தேதியும் அசையவில்லை. என்றைக்காவது ஒருநாள் இந்த அட்டவணை எல்லார் முன்னாலும் பல்லிளிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த நாள் சீக்கிரமே வந்தது. பைப் இன்னும் வந்து சேரவில்லை, சனிக்கிழமைதான் முடியும் என்று எலக்ட்ரீஷியன் திங்களன்று சொன்னார். சின்னவள் தேதியை மாற்றிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டாள். கான்கிரீட் மட்டும் வியாழக்கிழமையிலேயே அடித்த ஆணி மாதிரி நின்றது. அட்டவணையைப் பார்த்துப் பொருள் வரவழைப்பவர் லாரிக்குச் சொல்லிவிட்டார். புதன் மாலை பெரியவள் அதைக் கவனித்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். கணினியை அணைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள்.

வியாழன் காலை ஏழு மணிக்கு நாலு லாரிகள் வந்து நின்றன. மேலே பைப் பதிக்கும் வேலை பாதியில் கிடந்தது. கலந்த கான்கிரீட் யாருக்காகவும் காத்திருக்காது. இரண்டு லோடைப் பள்ளத்தில் கொட்டினார்கள். இரண்டு திரும்பிப் போயின. மேனேஜர் அலுவலகத்தின் நடுவில் நின்று, மெஷினை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டாயா என்று சின்னவளை வாங்கு வாங்கென்று வாங்கினார்.

"நான் பாத்திருக்கணும் சார்" என்றாள் அவள்.

பொய் சொல்வானேன், பெரியவளுக்கு ஒரு நிமிஷம் குளுகுளுவென்றுதான் இருந்தது. ஆனால் சின்னவள் முகம் கழுவிக்கொண்டு, நெற்றியில் ஈர முடி ஒட்டியிருக்க, மறுபடி வந்து கணினி முன் உட்கார்ந்தபோது அந்தக் குளிர்ச்சி கசந்துபோனது. அன்றைக்கு முழுக்க அந்தப் பக்கம் திரும்ப முடியவில்லை.

மாலையில் பஸ்ஸில் வழக்கம்போல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மூன்று நிறுத்தம் தாண்டியதும் பெரியவள் வாயைத் திறந்தாள்.

"அந்த இணைப்ப எடுத்தது நான்தான்."

சின்னவள் ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை. "தெரியும்கா. யாரு, எப்ப மாத்துனாங்கன்னு அதுல பதிவாயிடும். மதியம் ஒன்னு இருபது."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொல்லிட்டு ஒரே மேஜைல எப்படி உக்காந்து சாப்பிடறது? அதுக்காக என்னைப் பெரிய மனசுக்காரின்னு நெனச்சுக்காதீங்க. எனக்குக் கோவம் ஆறல."

நிறுத்தம் வந்ததும் முதலில் இறங்கி வீட்டைப் பார்க்க நடந்தாள்.

மறுநாள் மேனேஜர் நாற்காலியில் உட்காருமுன்னே பெரியவள் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. மூன்று மாதத்துக்கு அவள் அட்டவணையைப் பார்க்கலாம், கை வைக்கக் கூடாது என்றார். பிறகு சின்னவளைக் கூப்பிட்டு எல்லார் முன்னிலும் மன்னிப்புக் கேட்டார்.

வீட்டுக்கு விஷயம் போகவில்லை. சின்னவள் சொல்லவே இல்லை. ஆனால் பஸ்ஸில் வேறு இருக்கையில் உட்காரத் தொடங்கினாள்.

மூன்று மாதம் கழிந்த அன்று பெரியவள் தன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "எப்படி இணைக்கறதுன்னு சொல்லித் தர்றியா?" என்று கேட்டாள். சின்னவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு மவுஸை அவள் பக்கம் தள்ளிவைத்தாள். இரண்டு தடவை தப்பாகப் போனது. மூன்றாவதில், பூச்சு வேலைக்குப் பின்னால் பெயின்ட் வேலை வந்து ஒட்டிக்கொண்டு, தானாக நகர்ந்து தன் தேதியில் நின்றது.

பெரியவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இத்தனை சுலபமானதை இவள் எனக்கு முன்னால் கண்டுபிடித்துவிட்டாளே என்று அதே நொடியில் வயிறும் எரிந்தது. அடுத்த வரியைத் திறந்தாள்.